ஆர்டர் ஜேசனை எக்செலில் பிரிக்கும்போது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் கணக்கு பார்க்கிறேன். பையர்களில் சிலர் ஆர்டரை ஜேசன் (JSON) கோப்பாக, அதாவது பெயரும் மதிப்புமாக எழுதிய டெக்ஸ்ட் கோப்பாக அனுப்புகிறார்கள். அதை எக்செலில் அட்டவணையாக்குவது சுலபம்தான். ஆனால் உள்ளே அரே, அதாவது ஒரே பெயருக்குக் கீழே பல மதிப்புகளை அடுக்கிய பட்டியல், இருந்தால் கணக்கு எங்கே பிசகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஆர்டர் எண் 214, மொத்தம் 3,000 பீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஸ்டைல்கள் என்று ஒரு அரே, அதில் இரண்டு ஸ்டைல். ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் சைஸ் அரே: எஸ் 300, எம் 600, எல் 400, எக்ஸ்எல் 200. இரண்டாவது ஸ்டைலும் இதே அளவுதான்.

கோப்பைத் திறக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். உங்கள் அட்டவணையில் ஒரு வரி என்றால் எது? ஆர்டரா, ஸ்டைலா, சைஸா? எனக்குச் சைஸ் வேண்டும். அப்படியானால் இந்த ஆர்டருக்கு எட்டு வரி வரும்.

எக்செலில் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஜேசன் என்று போனால், தரவைப் பிரித்து அட்டவணையாக்கும் பவர் குவெரி திறக்கும். ‘டூ டேபிள்’ கொடுத்து, தலைப்பில் இருக்கும் இரட்டை அம்புக்குறியை அழுத்தி விரியுங்கள். அரே இருக்கும் பத்தியில் ‘லிஸ்ட்’ என்று தெரியும். அங்கே ‘எக்ஸ்பாண்ட் டு நியூ ரோஸ்’ தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘எக்ஸ்ட்ராக்ட் வேல்யூஸ்’, அரேயில் சாதாரண மதிப்புகள் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதிவிடும். பிறகு கூட்ட முடியாது. ஸ்டைலை விரித்த பிறகு சைஸையும் இப்படியே.

இப்போது எட்டு வரியையும் பாருங்கள். மொத்தம் 3,000 என்பது எட்டிலும் நிற்கும். ஒருமுறை நான் அந்தப் பத்தியைக் கூட்டி 24,000 என்று பேக்கிங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். “ஏனுங்க தம்பி, மூவாயிரம் பீசுக்கு இத்தனை பாலி பேக்கா?” என்று அங்கிருந்த அக்கா கேட்டதால் தப்பித்தோம்.

அதிலிருந்து ஆர்டருக்குத் தனி அட்டவணை, சைஸுக்குத் தனி அட்டவணை. பவர் குவெரியில், அரேக்களை இன்னும் விரிக்காத முதல் குவெரியை வலது க்ளிக் செய்து ‘ரெஃபரன்ஸ்’ கொடுத்தால் அதே மூலத்திலிருந்து இன்னொன்று கிடைக்கும். ஆர்டர் மொத்தம் முதல் அட்டவணையில் மட்டும் இருக்கட்டும். சைஸ் அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் எண்ணும் ஸ்டைல் எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு பண்டலிலும் சீட்டு வைத்துக் கட்டுகிறோமே, அதே வேலைதான். சீட்டு இல்லாத பண்டல் தையலுக்குப் போய்விட்டால் எந்த ஆர்டருடையது என்று யார் சொல்வது?

அதே ஆர்டரில் டையிங் டெலிவரி என்று மூன்று தேதி கொண்ட இன்னொரு அரே இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதையும் இதே அட்டவணையில் விரித்தால் எட்டு பெருக்கல் மூன்று, 24 வரி. எந்தச் சைஸுக்கும் எந்தச் சாயத் தேதிக்கும் சம்பந்தமில்லாமல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டையிங்கையும் தனி அட்டவணையாக்கி, ஆர்டர் எண்ணை மட்டும் கூடவே அனுப்புங்கள்.

‘சேஞ்ச்டு டைப்’ என்று ஒரு படி தானாகச் சேர்ந்திருந்தால் அதையும் பாருங்கள். 0417 என்ற ஸ்டைல் எண் அங்கே 417 ஆகிவிடலாம். அந்தப் படியிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டால் சரி.

பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகம் பயன்படுத்துபவர்களுக்கு ‘ஜேசன் நார்மலைஸ்’ இருக்கிறது. ‘ரெக்கார்ட் பாத்’தில் அரேயின் பெயர், ‘மெட்டா’வில் ஆர்டர் எண். ஆனால் அரே காலியாக இருக்கும் ஆர்டர் அதில் வரியே இல்லாமல் போய்விடும். அரேயை வரிகளாகப் பிரிக்கும் ‘எக்ஸ்ப்ளோட்’ என்றால் காலி மதிப்போடு ஒரு வரி நிற்கும். ஸ்டைல் இன்னும் முடிவாகாத ஆர்டர்கள் எங்களிடம் எப்போதும் இருப்பதால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

எந்த வழியானாலும், முடித்ததும் சைஸ் அட்டவணையில் பீஸ் பத்தியை ஆர்டர் வாரியாகக் கூட்டி, ஆர்டர் அட்டவணையின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். 214க்கு இரண்டு பக்கமும் 3,000 வந்தால்தான் பேக்கிங்குக்குக் கொடுப்பேன்.