ரிவர்ஸ் கேமராவில் படம் வராவிட்டால் எங்கே தேடுவது

எங்கள் வீட்டுக் காரின் ரிவர்ஸ் கேமரா ஓர் ஐப்பசி மழையில் நின்றுபோனது. பாளையங்கோட்டையில் காட்டிய இடத்தில், கேமரா போய்விட்டது என்று சொல்லிப் புதியதை மாட்டினார்கள். பத்து நாளில் அதிலும் படம் மறைந்தது. டிக்கிக் கதவின் கீலருகே உள்ளுக்குள் அறுந்திருந்த ஒரு வயர்தான் காரணம் என்பதும், மாட்டும்போது அசைத்ததில் அது தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தன. கேமராவை மாற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

சோதனைக்குக் காரைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டால் போதும். சுற்றிலும் குழந்தைகள் நிற்கக் கூடாது.

முதலில் திரையைக் கவனியுங்கள். ரிவர்ஸ் கியர் போட்டும் திரை பாட்டுப் பக்கத்திலேயே நின்றால், கியர் விழுந்த செய்தி ஸ்டீரியோவுக்குப் போய்ச் சேரவில்லை. திரை மாறி, கருப்பாகவோ நீலமாகவோ நின்றால், செய்தி சேர்ந்துவிட்டது, படம் மட்டும் வரவில்லை. படம் வந்தும் கோடு கோடாக ஆடினால் பெரும்பாலும் எர்த் இணைப்பு தளர்ந்திருக்கும். கருப்பு வயர் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

அடுத்து, காரின் பின்னால் ஒருவரை நிறுத்தி ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களுக்குப் பின்பக்க சென்சார் கட்டாயம் என்பதால், அதன் ஓசையும் ஒரு சாட்சியாக உதவும். விளக்கும் எரியவில்லை, ஓசையும் இல்லையென்றால் கேமராவை விட்டுவிட்டு பியூஸையும் கியர்பெட்டியில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்சையும் பார்க்க வேண்டும். போன பியூஸுக்குப் பதில் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு இருந்த இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைச் செருகினால், அடுத்த முறை பியூஸுக்கு முன்பாக வயர் கருகும்.

விளக்கு எரிந்தும் படம் இல்லையென்றால் கேமராவின் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் செருகியை, பிரித்து, அங்கே வரும் மின்சாரத்தை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். வெளியில் வாங்கி மாட்டிய கேமராவுக்கு 12 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்த கேமராக்களில் சில இதைவிடக் குறைந்த வோல்ட்டில் இயங்குபவை. அவற்றுக்குச் சோதனைக்காகக்கூட பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுக்கக் கூடாது.

மின்சாரம் கேமரா வரை வரவில்லையென்றால் டிக்கிக் கதவுக்கும் கூரைக்கும் நடுவே மடியும் ரப்பர் குழாய்க்கு வாருங்கள். கேமரா டிக்கிக் கதவில் இருக்கும் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான். சந்தைக்கும் ஊருக்கும் போய் வரும் குடும்பக் காரில் அரிசி மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றி இறக்க அந்தக் கதவு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறதோ, அத்தனை முறையும் குழாய்க்குள் இருக்கும் வயர்கள் ஒரே இடத்தில் மடிகின்றன. மேல்தோல் முழுதாகவே இருக்க, உள்ளிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். அதனால் பார்வைக்குப் பழுது தெரியாது. ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் குழாயை மெல்ல வளைத்துப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் இடம் அதுதான். குழாயின் இரு முனையையும் கழற்றி, வயர்களைத் தனித்தனியாக மெதுவாக இழுத்தால் அறுந்தது ரப்பர்போல நீளும். சிறு துண்டு வயர் சேர்த்துச் சிறிது தளர்வு கொடுத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூடுங்கள். வெறும் டேப் நம் ஊர் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். பல வயர்களை ஒட்டுவதானால், ஒட்டுகள் ஒரே இடத்தில் விழாமல் முன்பின்னாக வைத்தால் குழாய்க்குள் எளிதாக நுழையும்.

கப்ளரின் ஊசிகளில் பச்சைக் களிம்பு இருந்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்து, உலர்ந்த பின் மாட்டுங்கள். உவரி, கூடங்குளம் எனக் கடலோரத்தில் நிற்கும் கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால் தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் வயரின் கப்ளர்களையும் விடாதீர்கள். படம் மங்கல் என்றால், போர்த் தண்ணீரில் கழுவிக் கழுவி லென்சில் உப்புப் படிந்திருக்கலாம். ஈரப் பருத்தித் துணியைச் சிறிது நேரம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள், தின்னர் வேண்டாம். கண்ணாடிக்கு உட்புறம் பனி கட்டியிருந்தால், தண்ணீர் புகாமல் காக்கும் அடைப்பு கெட்டுவிட்டது. வெயிலில் காய்ந்தாலும் அடுத்த மழையில் திரும்ப வரும்.

இத்தனைக்குப் பிறகும் படம் இல்லையென்றால், வேறொரு வீடியோ வயரைக் காருக்குள் இருக்கைகளின் மேலாகவே நீட்டி, கேமராவையும் ஸ்டீரியோவையும் நேராக இணையுங்கள். படம் வந்தால் பழைய வயர் கெட்டது. அப்போதும் வராவிட்டால், இன்னொரு கேமராவை அதே வயரில் மாட்டிப் பார்த்த பிறகே பழையதைக் கழித்துவிடலாம். புதியது வாங்கும்போது ஸ்டீரியோ ஏற்கும் வகையா என்று கேளுங்கள், ஏ.எச்.டி. எனப்படும் கூடுதல் தெளிவு வகைக் கேமராவைச் சாதாரண சிக்னல் மட்டும் ஏற்கும் திரையில் கோத்தால் நல்ல கேமராவும் படம் தராது.

வேலை முடிந்ததும் ரப்பர் குழாயின் விளிம்பு ஓட்டையில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, டிக்கிக் கதவை இருபது முறை திறந்து மூடுங்கள். அதன் பிறகும் படம் நிலையாக இருந்தால் உட்புற அட்டைகளைத் திரும்பப் பொருத்தலாம்.