லடாக்ல சைக்கிள் டூர்: கைடு கூட வந்தாலும் பண்ணக்கூடாத தப்புகள்

லடாக்ல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கைடு, மெக்கானிக், பின்னாடியே வர்ற வண்டி, தங்க இடம் எல்லாம் சேர்த்து சைக்கிள் டூர் நடத்துறாங்க. சிந்து நதிய ஒட்டி மிதிச்சுக்கிட்டே போயி வழியில இருக்கற கொம்பாக்கள, அதாவது பௌத்த மடங்கள, ஒவ்வொண்ணா பாக்கறது, இதவிட நல்ல லீவு எனக்கு தெரியல. ஆனா கூட ஆளு இருக்காங்கன்ற தைரியத்துலயே நிறைய பேரு எதையும் யோசிக்காம கெளம்பிடறாங்க. கைடு வழி காட்டுவாரு, செயின் அறுந்தா சரி பண்ணுவாரு, சாப்பாடு பாத்துப்பாரு, ஆனா உங்களுக்கு தலை வலிக்குதா, ராத்திரி தூக்கம் வந்துச்சான்றது நீங்க வாயத் தொறந்து சொன்னாதான் அவருக்கு தெரியும்.

டூர் தேர்ந்தெடுக்கறப்ப எல்லாரும் பாக்கறது விலை, அப்புறம் கர்துங் லா இருக்கா இல்லையான்னு (லான்னா மலைக் கணவாய்). பாக்க வேண்டியது வேற: ஒவ்வொரு நாள் ராத்திரியும் எந்த உயரத்துல தூங்கப்போறோம்? லே ஊரே 3,500 மீட்டர் உயரத்துல இருக்கு, சென்னைல காலைல கெளம்புனவங்க டெல்லி மாறி அடுத்த நாள் காலைல அங்க எறங்கிடலாம், உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சி, ஏன்னா அங்க காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான், கர்துங் லா மேல போனா கிட்டத்தட்ட பாதி. மலை மருத்துவம் படிச்சவங்க சொல்ற பொதுவான கணக்கு, 3,000 மீட்டருக்கு மேல போனா தூங்குற உயரத்த ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரே எடத்துல ரெண்டு ராத்திரி தங்கணும். லேக்கு பறந்து போறப்பவே இந்தக் கணக்க மீறிடறோம், அதனால முதல் ரெண்டு நாள் சைக்கிள தொடவே கூடாது, மெதுவா பஜார் வரைக்கும் நடந்தா போதும். மூணாவது நாளே கர்துங் லான்னு போட்டிருக்கற பிளான பாத்தீங்கன்னா, எவ்வளவு மலிவா இருந்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க. வண்டியில மேல கொண்டுபோயி விட்டுடுவோம், நீங்க எறங்கி வந்தா போதும்னு சொன்னாலும் சரி, உயரம் உயரம்தான். மூணாவது நாலாவது ராத்திரியே பாங்காங் ஏரிக்கரையில டென்ட்னு சொல்றதும் அதே தப்புதான், அது 4,200 மீட்டருக்கு மேல.

நல்ல பிளான் எப்படி இருக்கும்னா, முதல்ல மேற்கு பக்கம் போகும். நிம்மு, பாஸ்கோ, சஸ்போல், ஆல்ச்சி எல்லாம் லேய விட தாழ்வு, ஆல்ச்சி சுமார் 3,100 மீட்டர்தான், அங்க ரெண்டு ராத்திரி தூங்குனா உடம்பு நல்லா தெளிஞ்சிடும். அதுக்கப்புறம் லாமாயுரு, தெம்பு இருந்தா அதுக்கு மேல 4,108 மீட்டர்ல ஃபோட்டு லா, திரும்பி வந்து ஷே, திக்சே, ஹெமிஸ் கொம்பாக்கள், கடைசியாதான் கர்துங் லா ஏறி நுப்ரா பள்ளத்தாக்கு. மேல இருந்த பழைய போர்டுல 18,380 அடின்னு போட்டிருந்துச்சு, சரியா அளந்தா 5,359 மீட்டர், அதாவது சுமார் 800 அடி கம்மி, அதுக்காக ஏறுறது லேசுன்னு நெனச்சுடாதீங்க.

இருக்கறதுலயே மோசமான தப்பு தலைவலிய மறைக்கறதுதான். குரூப்ல நம்மால லேட் ஆகக்கூடாதுன்னோ, இவ்வளவு பணம் கட்டிட்டோமேன்னோ ஒரு மாத்திரைய போட்டுட்டு மேல ஏறுவாங்க. தலைவலி, குமட்டல், பசியின்மை இருந்தா அது உயரத்தால வர்ற நோயா இருக்கலாம், அதே எடத்துல நில்லுங்க, சரியாகற வரைக்கும் ஒரு அடி கூட மேல போகாதீங்க. சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்குது, விடாம இருமல் வருது, நடக்கறப்ப தள்ளாடுது, பேச்சு கொழறுதுன்னா அது நுரையீரல்லயோ மூளையிலயோ நீர் கோக்கற அறிகுறியா இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, நடுராத்திரியா இருந்தாலும் உடனே கீழ எறக்கணும், காலைல பாத்துக்கலாம்னு விடவே கூடாது. ஊர்ல தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டறவங்க இந்த உயர நோய் எனக்கெல்லாம் வராதுன்னு நெனப்பாங்க, ஆனா உடற்தகுதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சொல்லப்போனா நல்லா ஓட்டறவங்கதான் வேகமா ஏறி மாட்டிக்கறாங்க. உயர நோய் வராம தடுக்க டயமாக்ஸ் மாத்திரை உதவும், ஆனா ஊர்லயே டாக்டர பாத்து கேட்டுட்டு எடுத்துட்டு போங்க, சல்ஃபா அலர்ஜி உள்ளவங்க கண்டிப்பா அத சொல்லணும். முதல் சில நாள் மதுவும் தூக்க மாத்திரையும் வேணவே வேணாம்.

பின்னாடி வர்ற வண்டியில ஏற வெக்கப்படாதீங்க. நீங்க குடுத்த காசுல ஒரு பங்கு அந்த வண்டிக்குதான். இன்னிக்கு பத்து கிலோமீட்டர் வண்டியில போனா நாளைக்கு முழுசா ஓட்டலாம்.

புக் பண்றதுக்கு முன்னாடி வெக்கப்படாம கேளுங்க: வண்டியில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கா, விரல்ல மாட்டி பாக்கற ஆக்சிமீட்டர் இருக்கா, ஒரு ஆளுக்கு முடியலன்னா அவர கீழ கூட்டிட்டு போறது யாரு, மத்தவங்கள பாத்துக்கறது யாரு. இதுக்கு நேரா பதில் வரலன்னா வேற ஆள பாருங்க. உங்க உயரத்த சொல்லி சைக்கிள் ஃபிரேம் சைஸ் முன்கூட்டியே கேட்டு வாங்குங்க, டிஸ்க் பிரேக் இருக்கணும், சீட்டு மட்டும் பழகுனது வேணும்னா வீட்டுல இருந்தே கழட்டி எடுத்துட்டு போகலாம், ஒரு வாரம் பழகாத சீட்டுல உக்காந்தா என்ன ஆகும்னு ஓட்டறவங்களுக்கு தெரியும். இன்சூரன்ஸ் எடுத்தா எத்தன மீட்டர் உயரம் வரைக்கும் செல்லும்னு படிச்சு பாருங்க.

ஏத்தத்துக்கு பயப்படறவங்க எறக்கத்துக்கு பயப்படறதில்ல, ஆனா அடிபடறது எறக்கத்துலதான். கர்துங் லாவுல இருந்து லே வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டர், 1,800 மீட்டருக்கு மேல எறக்கம். பிரேக்க ஒரேயடியா புடிச்சுக்கிட்டே வந்தா சூடேறி பிடிமானம் போயிடும், விட்டு விட்டு புடிக்கணும், வளைவுக்கு முன்னாடியே வேகத்த கொறச்சிடணும், எந்தக் காரணத்துக்கும் எதிர்ப்பக்கம் வெட்டி போகக்கூடாது, ஏன்னா வளைவுக்கு அந்தப்பக்கம் ராணுவ லாரி வரிசையா வந்துட்டு இருக்கலாம். மேல வியர்வையோட நின்னு போட்டோ எடுத்துட்டு அப்படியே எறங்குனா கை விரைச்சு பிரேக்கே புடிக்க முடியாது. தடிமனான ஜாக்கெட்டும் முழுக் கிளவுசும் வண்டியில இல்ல, உங்க முதுகுப் பையில இருக்கணும்.

காலைல சீக்கிரம் கெளம்புங்கன்னு கைடு சொன்னா கேளுங்க. மதியத்துக்கு மேல பள்ளத்தாக்குல எதிர்க்காத்து அடிக்க ஆரம்பிச்சா சமதரையில கூட சைக்கிள் நகராது. காத்து ரொம்ப காஞ்சது, வியர்க்கறதே தெரியாது, தாகம் எடுக்கலன்னாலும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். குளிருதேன்னு சன்ஸ்கிரீன் போடாம விட்டா ரெண்டு நாள்ல மூக்கு உரிஞ்சிடும்.

இப்ப கொம்பாக்களுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம் இது. ஒரே நாள்ல நாலு கொம்பான்னு பிளான் போட்டு, ஒவ்வொண்ணுலயும் பத்து நிமிஷம் நின்னு செல்ஃபி எடுத்துட்டு ஓடறாங்க. ஆல்ச்சிக்கு அப்படி போகாதீங்க. வெளியில இருந்து பாத்தா சின்ன மண் கட்டடம்தான், உள்ள சும்செக் கோயில்ல மூணு பக்கமும் மாடி உயரத்துக்கு போதிசத்துவர் சிலைகள், அவங்க இடுப்புல கட்டியிருக்கற வேட்டியிலயே அரண்மனை, கோயில், புத்தரோட வாழ்க்கைன்னு குட்டி குட்டியா வரைஞ்சிருக்காங்க, காஷ்மீர் பாணி ஓவியம், சுமார் 800, 900 வருஷம் பழசு. உள்ள இருட்டு, கண்ணு பழகவே கொஞ்ச நேரம் ஆகும், அவசரமா வந்தவங்களுக்கு எதுவுமே தெரியாது. உள்ள போட்டோவுக்கு அனுமதி இல்ல, பாத்துக்கற லாமா அந்தப்பக்கம் திரும்புனதும் போன எடுக்கறவங்கள பாத்தா கோவம்தான் வருது. பாஸ்கோவ ரோட்டுல இருந்தே பாத்துட்டு போயிடறாங்க, ஆனா அந்த மண் கோட்டைக்குள்ள இருக்கற மைத்ரேயர் (இனிமே வரப்போற புத்தர்) கோயில்கள ஊர்க்காரங்களே சேர்ந்து சீரமைச்சு 2007ல யுனெஸ்கோ விருது வாங்கியிருக்காங்க, ஏறிப் பாக்காம போகாதீங்க.

திக்சேல மதியம் போனா கூட்டத்தோட 15 மீட்டர் மைத்ரேயர் சிலைய பாக்கலாம், காலைல போனா லாமாக்களோட பிரார்த்தனையில உக்காரலாம். அதனால முந்தின ராத்திரி திக்சே பக்கத்துலயே தங்கற மாதிரி கைடுகிட்ட கேளுங்க. உள்ள போறப்ப ஷூ, தொப்பி, ஹெல்மெட் கழட்டணும். இறுக்கமான சைக்கிள் ஷார்ட்ஸோட போகக்கூடாது, மேல போட்டுக்க ஒரு லூஸ் பேன்ட் கைவசம் வெச்சுக்கோங்க. செவுத்து ஓரமா உக்காரணும், லாமாக்களோட மணையில இல்ல, சாமி பக்கமோ லாமாக்கள் பக்கமோ கால நீட்டக்கூடாது. வழியில சோர்ட்டனும் (பௌத்த ஸ்தூபி) மந்திரம் செதுக்குன கல்லால கட்டுன மணிச் சுவரும் வரும், நம்ம கோயில் பிரகாரம் சுத்தற மாதிரியேதான், அது நமக்கு வலது பக்கம் இருக்கற மாதிரி கடந்து போகணும். பாதை ரெண்டா பிரியற எடத்துல சைக்கிள்ல போறப்பவும் இதுதான் முறை, அந்தச் சுவர்ல சைக்கிள சாய்ச்சு வெக்கறது, ஏறி உக்கார்றது ரெண்டுமே அவங்கள புண்படுத்தும்.

நம்ம ஊரு பிரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டா மாத்திட்டு போங்க. கொம்பா நுழைவுக் கட்டணத்துக்கு சில்லறையா பணம் வெச்சுக்கோங்க. பயிற்சிக்கு ஈசிஆர் மாதிரி சமதரை மட்டும் பத்தாது, ஏற்காடோ கொல்லிமலையோ, தொடர்ந்து ரெண்டு மூணு நாள் மலையேறி பழகணும். திரும்பி வர்ற பிளைட் வானிலையால கேன்சல் ஆகறது அங்க சகஜம், மறுநாளே ஆபீஸ்னு டிக்கெட் போடாம ஒரு நாள் கையில வெச்சுக்கோங்க.

ஹெமிஸ் திருவிழாவ பாக்கணும்னா திபெத்திய நாள்காட்டிப்படி அது ஜூன்லயோ ஜூலையிலயோ வரும், தேதி வருஷா வருஷம் மாறும், கேட்டுட்டு அப்புறம் டூர் புக் பண்ணுங்க. அங்க இருக்கற பெரிய தங்கா ஓவியத்த (துணியில செஞ்ச பௌத்த ஓவியம்) விரிக்கறது 12 வருஷத்துக்கு ஒருக்காதான், 2016ல விரிச்சாங்க, அடுத்தது 2028.