மடியில் கை வைத்தால் பிரஷர் ஏறும்

32 வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். காய்கறிக் கடை, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் என்று அடுத்தவர் தராசையும் படியையும் சோதித்தே காலம் போனது. தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருக்கும் கடையை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் வீட்டுக்கு ஒரு பிபி மெஷின் வாங்கி, மூன்று மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

சாய்வு நாற்காலியில் சரிந்துகொண்டு, கையை மடியில் போட்டு, டிவியில் செய்தி ஓட ஓட பட்டனை அழுத்துவேன். 146, 148, ஒருநாள் 152. மாத்திரையைக் கூட்டிவிடுவார்களோ என்று பயம். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால், டாக்டரம்மா முதலில் கேட்டது, "கையை எங்கே வச்சுப் பார்த்தீங்க?" என்றுதான்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதையே சோதித்து 2024இல் வெளியிட்டிருக்கிறார்கள். 133 பேர். மேஜையில் தாங்கல் கொடுத்து ஒருமுறை, மடியில் வைத்து ஒருமுறை, பக்கவாட்டில் தொங்கவிட்டு ஒருமுறை. மடியில் வைத்தபோது மேல் அளவு சராசரியாக 3.9 கூடுதலாகக் காட்டியது, தொங்கவிட்டபோது 6.5. ஆள் அதே ஆள், மெஷின் அதே மெஷின்.

எனக்கு இது புதிராகத் தெரியவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. பிரஷர் எண் என்பது பாதரசத்தின் உயரம், மில்லிமீட்டரில். பாதரசம் ரத்தத்தைவிடச் சுமார் 13 மடங்கு கனம். அதனால் கையில் சுற்றிய பட்டை இதயத்துக்குக் கீழே 1.3 சென்டிமீட்டர் இறங்கினால், அத்தனை உயர ரத்தத்தின் கனமும் சேர்ந்து எண் 1 ஏறும். ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 4. மாடித் தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுக் குழாயில் வேகமாக வருவது போலத்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் 32 வருடம் எடைக்கல்லோடு குப்பை கொட்டியிருக்கிறேன்!

ஆகவே முதல் வேலை மேஜை. சாப்பாட்டு மேஜை போதும். முன்கை முழுக்க அதன்மேல் கிடக்க வேண்டும், பட்டை மார்பின் நடு உயரத்துக்கு வர வேண்டும். மேஜை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையை மடித்து முழங்கைக்கு அடியில் வையுங்கள். கையை நீங்களே தூக்கிப் பிடிக்கக் கூடாது. தசை இறுகினால் அதுவும் எண்ணை ஏற்றும்.

அடுத்தது பட்டை. என் மனைவிக்கு நான் பார்த்தபோதெல்லாம் என்னைவிடக் கூடுதலாகவே காட்டியது. தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுத்தேன்: 35 சென்டிமீட்டர். மெஷினோடு வந்த பட்டையில் 22–32 என்று அச்சடித்திருந்தது. அரைக்கிலோ தராசில் ஒரு கிலோவை நிறுத்த கதை. 2023இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 195 பேரை வைத்துப் பார்த்ததில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை சுற்றினால் மேல் அளவு 4.8 கூடியது. அதற்கும் பெரியது தேவைப்பட்டவர்களுக்கு 19.5! மெலிந்த கைக்காரர்களுக்கு நேர்மாறு, 3.6 குறைத்துக் காட்டியது. குறைத்துக் காட்டும் தராசுதான் எனக்கு எப்போதும் பயம். பெரிய பட்டை தனியாகவே விற்கிறார்கள். உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். சட்டைக் கைக்கு மேலே சுற்றாமல் வெறும் தோலில் சுற்றுங்கள்.

உட்காரும் விதம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: முதுகுக்குச் சாய்மானம், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. காபி, பீடி, நடைப்பயிற்சி எதுவானாலும் அரைமணி நேரம் கழியட்டும். அப்புறம் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பேச்சும் எண்ணை ஏற்றும். எங்கள் வீட்டில் இதுதான் கஷ்டம். பட்டை இறுகும்போதுதான் அவளுக்கு, "ஏங்க, கேஸ் புக் பண்ணீங்களா?" என்று கேட்கத் தோன்றும். இப்போது தலையைக்கூட ஆட்டுவதில்லை நான்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே பிறகு எப்போதும். வித்தியாசம் திரும்பத் திரும்ப 10க்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

ஒரே ஒரு எண்ணை நம்பாதீர்கள். ஏழு நாள், காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை. முதல் நாள் கணக்கைத் தள்ளிவிடுங்கள். மீதி 24 எண்ணுக்குச் சராசரி. வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85தான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லும் 140/90க்கு ஈடு அது. எனக்கு 137/83 வந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நல்ல எண் வந்துவிட்டதென்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மெஷினையும் ஒருமுறை கையோடு எடுத்துப்போய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி, வாய் குளறல் எது இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையை ராத்திரி போட்டால்தான் பலன் என்று என் தம்பி பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். 2019இல் ஸ்பெயினிலிருந்து அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் ஐந்து வருடம் போலத் தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியிட்டதில், மாரடைப்பு, பக்கவாதம், இவற்றால் வரும் சாவு எதிலும் காலைக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம்தான் நல்ல நேரம். டாக்டர் குறிப்பாக ஒரு நேரம் சொல்லியிருந்தால் மட்டும் அதை மாற்ற வேண்டாம்.

நான் மாத்திரை டப்பாவையும் மெஷினையும் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டேன். எழுந்து, பாத்ரூம் போய்வந்து, பிரஷர். பிறகு மாத்திரை. காபி அதுக்கப்புறம்தான், அதுவரை அடுப்படிப் பக்கம் திரும்புவதே இல்லை.