குடோனுக்குப் போனதெல்லாம் விற்பனை ஆகாது: மார்க்கெட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுகர்பொருள் கம்பெனிகளில் புதிதாக பிராண்ட் மேனேஜர், ஏரியா மேனேஜர் ஆனவர்களோடு உட்கார்ந்து ரிவ்யூ பார்க்கும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. அவர்களுடைய பிரசன்டேஷன் எங்கள் காலத்தைவிடப் பிரமாதமாக இருக்கிறது. தவறுகள் மட்டும் அப்படியே எங்கள் காலத்துத் தவறுகள். யாருக்கு விற்கிறோம் என்று தெரியாமல் விளம்பரம் எடுப்பது, பட்ஜெட் முழுவதையும் தீபாவளிக்கே கொட்டிவிட்டு பொங்கலுக்குக் கையைப் பிசைவது போன்றவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மலிவு என்று சொன்னாலே வாங்குவார்கள் என்று நம்புவது

2009-ல் டாடா நானோ சந்தைக்கு வந்தபோது ஊரெல்லாம் அதை 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்றுதான் பேசியது. உலகத்திலேயே மலிவான கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கார் வாங்குகிறவர், வாசலில் நிறுத்தினால் நாலு பேர் பார்க்க வேண்டும் என்றும்தான் நினைப்பார். மலிவான கார் என்று முத்திரை விழுந்தது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். 2018-ல் உற்பத்தி ஏறக்குறைய நின்றேவிட்டது.

மாதக் கடைசி லோடிங்

டார்கெட்டைக் காட்டுவதற்காக, கடைக்குப் போகாத சரக்கை டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் ஏற்றுவதுதான் லோடிங். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது பிரைமரி. அவரிடமிருந்து கடைக்குப் போவது செகண்டரி. கடையிலிருந்து வீட்டுக்குப் போவது ஆஃப்டேக். கம்பெனி பில் போடுவது பிரைமரிக்குத்தான் என்பதால் டார்கெட், இன்சென்டிவ், கைதட்டல் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

மாதம் 100 பெட்டி சரக்கைக் கடைகளுக்கு அனுப்புகிற ஒரு டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு டார்கெட் 120. இருபத்தைந்தாம் தேதி தாண்டியதும் சேல்ஸ் ஆபீசர் போய் உட்காருவார். "அண்ணாச்சி, இந்த ஒரு மாசம் மட்டும் எடுத்துக்குங்க, அடுத்த மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். 10+1 ஸ்கீம் வாங்கித் தர்றேன், பத்து பெட்டிக்கு ஒண்ணு ஃப்ரீ." 120 பில் ஆகிவிடும். 20 பெட்டி குடோனில் தங்கும். அடுத்த மாத டார்கெட் அந்த 120-க்கு மேல் 10 சதவீதம் கூட்டி 132. கடைக்குப் போவதோ அதே 100. மூன்றாம் மாதம் 145. கூட்டிப் பாருங்கள்: 20, 32, 45. மூன்றே மாதத்தில் ஏறக்குறைய ஒரு மாதச் சரக்கு அவர் தலையில். வங்கியில் ஓவர்டிராஃப்டாக எடுத்த பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தலைமையகத்தில் மட்டும் மூன்று மாதமும் வளர்ச்சி.

தென்மாவட்டத்தில் மசாலாப் பொடி எடுத்துக்கொண்டிருந்த ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், ஒருமுறை என்னை குடோனின் பின்சுவர் வரைக்கும் அழைத்துப் போய்க் காட்டினார். முன்வரிசையில் போன மாத பேக்கிங். சுவரை ஒட்டிக் கிடந்தது ஐந்து மாதம் பழசு. அடிப்பெட்டிகள் ஈரத்தில் ஊதிப் போய், மேலே இருந்த பாரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. பழசைத்தானே முதலில் அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். "லாரி வர வர முன்னாடிதான் சார் இறக்க முடியும். பின்னாடி இருக்கறத எடுக்கணும்னா இத்தனையையும் நகத்தணும். லோடுமேன் கூலிய உங்க கம்பெனி குடுக்குமா?" என்றார். அந்த மாதம்தான் தலைமையகத்து ஸ்லைடில், புது டிவி விளம்பரம் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

கெடுதல் குடோனோடு நிற்காது. வட்டி கழுத்தை நெரித்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் சரக்கை மொத்த வியாபாரியிடம் தள்ளுவார். 10+1 என்பது கணக்குப்படி 9 சதவீதத் தள்ளுபடி. அதை அப்படியே விட்டுக்கொடுத்து, தன் மார்ஜினிலும் கொஞ்சம் விடுவார். ஒரு வாரத்தில் பக்கத்து மாவட்டத்துக் கடைக்காரர் நம் சேல்ஸ்மேனிடம், "மதுரை கீழமாசி வீதியிலேயே இதைவிடக் குறைச்சலா கிடைக்குதே தம்பி, உன்கிட்ட எதுக்கு வாங்கணும்?" என்பார். ஒரு இடத்தில் லோடிங் நடந்தால் நாலு டிஸ்ட்ரிபியூட்டரின் ஆர்டர் அடிபடும். அந்த நாலு பேரும் மாதக் கடைசியில் டார்கெட்டை எட்ட மாட்டார்கள். அப்புறம் அங்கேயும் லோடிங்.

இது சேல்ஸ்காரர்கள் பிரச்சினை, எங்களுக்கென்ன என்று மார்க்கெட்டிங் ஆட்கள் கேட்பார்கள். உங்கள் விளம்பரம் எடுபட்டதா, புது பேக் பிடித்ததா, விலை சரியா என்று எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள்? இதே பிரைமரி கணக்கை வைத்துத்தானே? லோடிங் நடந்த மாதத்தில் ஓடிய விளம்பரம் சூப்பர் ஹிட், குடோன் நிரம்பி வழிகிற மாதத்தில் ஓடிய விளம்பரம் தோல்வி என்று ஆகிவிடும். நல்ல விளம்பரத்தை நிறுத்திவிட்டுச் சொத்தை விளம்பரத்துக்கு இரண்டு மடங்கு பணம் கொடுத்த கூத்தெல்லாம் இப்படித்தான் நடந்தது.

பெரிய கம்பெனிகளும் இதில் விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் சன்பீம் கம்பெனிக்கு 1996-ல் தலைமை ஏற்ற ஆல்பர்ட் டன்லப் காலத்தில், கோடையில் விற்க வேண்டிய பார்பெக்யூ அடுப்புகளைச் சலுகை கொடுத்து குளிர்காலத்திலேயே கடைக்காரர்கள் பெயரில் பில் போட்டார்கள். பில் ஆன சரக்கு வேறு குடோன்களில் கிடந்தது. 1998-ல் டன்லப்பை வெளியேற்றினார்கள். 2001-ல் கம்பெனி திவால் மனு போட்டது.

பி அண்ட் ஜி கம்பெனிக்காரர்கள் பேம்பர்ஸ் டயபர் கணக்கைப் பார்த்தபோது வேறொரு விஷயம் தெரிந்தது. குழந்தைகள் மாதாமாதம் ஒரே அளவில்தான் டயபரை நனைக்கின்றன, கடையில் விற்பனையும் பெரிதாக ஏறி இறங்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர்களின் ஆர்டர் மட்டும் கண்டபடி ஆடியது. புல்விப் எஃபெக்ட் என்று எம்பிஏ வகுப்பில் படிப்பது இதைத்தான். படித்தவர்களே அடுத்த மாதக் கடைசியில் போனை எடுத்து அண்ணாச்சியைக் கெஞ்சுகிறார்கள், என்ன செய்ய?

வழி ஒன்றும் மர்மமில்லை. ரிவ்யூவின் முதல் ஸ்லைடில் பிரைமரியைப் போடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடம் எத்தனை நாள் சரக்கு கிடக்கிறது, இந்த மாதம் எத்தனை கடைக்கு பில் விழுந்தது, இந்த இரண்டையும் போடுங்கள். இன்சென்டிவை செகண்டரிக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே லோடிங் ஆகிவிட்டதென்றால், ஒரு குவார்ட்டர், அதாவது மூன்று மாதம் முழுக்க கடைக்குப் போவதைவிடக் குறைவாக பில் போட்டுத்தான் அதைக் கரைக்க முடியும். அந்த குவார்ட்டரில் வளர்ச்சி மைனஸில் காட்டும். எம்டியிடம் முன்கூட்டியே போய், "மைனஸ் வரும், காரணம் இது, இன்ன மாதத்தில் சரியாகும்" என்று சொல்ல வேண்டியவர் மார்க்கெட்டிங் ஹெட். என்னைக் கேட்டால், அந்தப் பதவிக்குச் சம்பளமே இதற்குத்தான். பாதிப் பேர் அந்த அறைக்குள் போகும்போதே 10+1-ஐ 10+2 ஆக்கலாம் என்ற யோசனையோடுதான் போகிறார்கள்.

ஸ்கீமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடலூரிலிருந்து 1983-ல் கிளம்பிய சிக் ஷாம்பு ஒரு ஸ்கீம் போட்டது: எந்த கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட் என்றாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். யாரோ ஒருவர் தலைக்குத் தேய்த்துக் குளித்தால்தான் பாக்கெட் காலியாகும். குடோனில் அடுக்கி வைத்து அந்த ஸ்கீமை வாங்க முடியாது.

வந்ததும் எல்லாவற்றையும் மாற்றுவது

ஆப்பிள் கடைகளை நடத்திப் பெயர் வாங்கிய ரான் ஜான்சன் 2011-ல் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர் கம்பெனிக்குத் தலைமை ஏற்றார். அடுத்த பிப்ரவரியிலேயே கூப்பன், தள்ளுபடி எல்லாவற்றையும் தூக்கிவிட்டு நிரந்தரக் குறைந்த விலை என்று அறிவித்தார். யோசனை நேர்மையானது. சில கடைகளில் மட்டும் சோதித்துப் பார்த்திருக்கலாம், செய்யவில்லை. கூப்பனை வெட்டி பர்சில் வைத்துக்கொண்டு வந்து பழகிய வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். 2012-ல் விற்பனை சுமார் 25 சதவீதம் சரிந்தது. 2013 ஏப்ரலில் அவரும் போனார்.

பேக்கை மாற்றுவது

டிராபிகானா ஆரஞ்சு ஜூஸ், 2009. ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்திய படத்தை எடுத்தார்கள், விற்பனை 20 சதவீதம் இறங்கியது, சில வாரங்களிலேயே படத்தைத் திருப்பி வைத்தார்கள்.

போட்டியாளர் செய்வதையே செய்வது

அவர் குடோனையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விளம்பர ஏஜென்சியை மாற்றுவது

பிரீஃப், அதாவது என்ன விளம்பரம் வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிற குறிப்பு, அதேதான் என்றால் வேண்டாம்.