நெல்லை நிறுவனம் ஒன்றுக்குத் திறமூலத் தரவுத்தளம் தேர்ந்தெடுத்தல்

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடைமேடைக் கணினியில் ஒருவரே பதிவு செய்கிறார் என்றால் எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளமே போதும். தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பதால், பாளையங்கோட்டைக் கிளையும் நகரக் கிடங்கும் ஒரே இருப்புக் கணக்கைத் திருத்தும் நிலை வந்தவுடன் சர்வரில், அதாவது எல்லாக் கிளைகளும் இணையும் பொதுக் கணினியில், இயங்கும் தரவுத்தளத்திற்கு மாறிவிடுவது நல்லது.

அப்படிச் சர்வரில் இயங்குபவற்றில் மூன்றைப் பார்ப்போம். மைஎஸ்கியூஎல் (MySQL) 2010 முதல் ஆரக்கிள் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. மரியாடிபி (MariaDB) அதன் நிரலிலிருந்து 2009இல் தனியாகக் கிளைத்தது. போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானதல்ல. அதன் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் 5 ஆண்டுகள் திருத்தங்கள் வெளியாகும். புதிதாகத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை அதுவே. ஏற்கெனவே மைஎஸ்கியூஎல்லில் ஒழுங்காக ஓடும் கணக்கு மென்பொருளை மட்டும் இதற்காக மாற்ற வேண்டாம்.

முடிவெடுக்கும் முன் தமிழில் சோதியுங்கள். ‘திருநெல்வேலி’ கண்ணுக்கு 6 எழுத்து. கணினி எழுத்துகளை எண்ணிடும் யூனிகோடு முறையில், மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக, 12 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் 36 பைட்டுகள். ஊர்ப்பெயருக்கு 10 இடம் மட்டும் ஒதுக்கிய என் முதல் அட்டவணை, சொந்த ஊரையே ஏற்க மறுத்தது! மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் எழுத்துக்குறி வகையாக யூனிகோடு முழுவதையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்பதையே குறிப்பிடுங்கள்.

பிறகு, காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, நகலெடுக்கும் முன் கடைசியாக எடைபோட்ட லாரியின் பதிவு அதில் இருக்கிறதா என்று பார்த்த பின்பே பழைய பேரேட்டை மூடுங்கள்.