யுபிஎன்பிசி-யில் போர்ட் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரவுட்டரின் அட்மின் பக்கத்துக்குப் போகாமல் டெர்மினலிலேயே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டிலுள்ள ஒரு கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்ய யுபிஎன்பிசி (upnpc) என்ற கட்டளை போதும். உபுண்டு, டெபியனில் மினியுபிஎன்பிசி (miniupnpc) என்ற பேக்கேஜில் கிடைக்கும். ரவுட்டரில் யுபிஎன்பி (வீட்டுச் சாதனங்களே ரவுட்டரிடம் கேட்டுப் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். இங்கே சொல்லும் ஆப்ஷன்கள் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துகள்.

போர்ட்டைத் திறப்பதற்கு முன்பு -எஸ் கொடுத்து, ரவுட்டர் தன் வெளி ஐபி என்று எதைக் காட்டுகிறது எனப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது இணைய நிறுவனம் ஒரே வெளி ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் கட்டளை வெற்றி என்று சொன்னாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இதைப் பார்க்காமல் சர்வர் செட்டிங்கைக் குடைந்துகொண்டிருப்பது வீண் வேலை.

அடுத்தது எண்களின் வரிசை. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

யுபிஎன்பிசி -ஏ 192.168.1.20 80 8080 டிசிபி

இதில் முதலில் வரும் 80 உள் போர்ட், அடுத்த 8080 வெளி போர்ட். நாட்பிஎம்பிசி என்ற இன்னொரு கருவியில் இது தலைகீழ்: வெளி போர்ட் முதலில், உள் போர்ட் பிறகு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள், போட்டவுடன் -எல் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது. 8080->192.168.1.20:80 என்று அம்புக்குறி போட்டே காட்டிவிடும். பட்டியலின் கடைசியில் 713 என்று ஒரு எண் வந்தால் பதற வேண்டாம்; பட்டியல் முடிந்தது என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. 718 வந்தால்தான் சிக்கல்: பெரும்பாலும் அந்த வெளி போர்ட்டை வேறு ஏதோ சாதனம் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது.

டிசிபியா யுடிபியா என்பதையும் கவனியுங்கள். வயர்கார்ட் என்ற விபிஎன்னின் 51820 யுடிபி. டிசிபி என்று போட்டால் பிழை எதுவும் வராது, விபிஎன் மட்டும் இணையாது.

திறந்த போர்ட் அப்படியே இருக்கும் என்று நம்பவும் கூடாது. பல ரவுட்டர்கள் ரீபூட் ஆனால் இவற்றை மறந்துவிடும். ஐஜிடி 2 தரத்தில் (ரவுட்டர்களுக்கான யுபிஎன்பி தரத்தின் இரண்டாம் பதிப்பு) பதிவின் கால அளவு 0 என்று கொடுத்தால்கூட 604800 வினாடி, அதாவது 7 நாள்தான். மாறாக, கால அளவு கொடுத்ததற்கு 725 என்று பதில் வந்தால் அந்த ரவுட்டர் நிரந்தரப் பதிவை மட்டும் ஏற்கும், 0 கொடுங்கள். டிஹெச்சிபி-யில் (ரவுட்டர் தானாக ஐபி கொடுக்கும் முறை) சர்வரின் ஐபி மாறினாலும் பழைய பதிவு பழைய ஐபிக்கே போகும். அந்த ஐபி டிவிக்குக் கிடைத்திருந்தால், நீங்கள் திறந்தது டிவியை. ஐபியை ரவுட்டரில் ரிசர்வ் செய்துவிட்டு, சர்வரிலேயே யுபிஎன்பிசி -ஆர் 80 8080 டிசிபி என்பதைக் கிரானில் (குறித்த நேரங்களில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) போடுங்கள். -ஆர் தன் ஐபியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ரவுட்டரே கண்ணில் படவில்லை என்று கருவி சொன்னால் சொந்த ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். தேடல் 239.255.255.250-க்கு யுடிபி 1900-இல் போகிறது. பதிலோ ரவுட்டரின் சொந்த ஐபியிலிருந்து வருகிறது. இரண்டும் பொருந்தாததால் ஃபயர்வால் அந்தப் பதிலைத் தூக்கி எறிந்துவிடும். ரவுட்டர் ஐபியின் 1900-இலிருந்து வரும் யுடிபியை மட்டும் அனுமதித்தால் போதும், ஃபயர்வாலையே அணைக்கத் தேவையில்லை.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையிலிருந்தே வெளி ஐபியைத் தட்டாதீர்கள். ஹேர்பின் நாட் (உள்ளிருந்து வெளி ஐபிக்குப் போகும் இணைப்பை மறுபடி உள்ளேயே திருப்பும் வசதி) இல்லாத ரவுட்டரில் எல்லாம் சரியாக இருந்தாலும் திறக்காது. மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

வேலை முடிந்ததும் யுபிஎன்பிசி -டி 8080 டிசிபி. நீக்கும்போது கொடுக்க வேண்டியது வெளி போர்ட், 80 அல்ல. அப்படியே -எல் ஒருமுறை: யுபிஎன்பி கடவுச்சொல் கேட்காது என்பதால், நீங்கள் திறக்காத போர்ட்டும் அந்தப் பட்டியலில் இருக்கலாம்.