மழைநீர் போகும் வழியே செட்டிநாட்டில் நடப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

செட்டிநாட்டுக்கு முதன்முறை வருகிறவர்களில் பெரும்பாலோர் வீடுகளைப் பார்க்கவே வருகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். ஒரே நாளில் ஆறு வீடுகளையும் இரண்டு கோயில்களையும் பார்த்துவிட்டு, மாலையில் அறைக்குத் திரும்பிப் படங்களைப் புரட்டியபோது, எந்தத் தூண் எந்த வீட்டில் இருந்தது என்பதையே பிரித்தறிய முடியவில்லை. பிறகு வந்த பயணங்களில் ஒரு முறையைப் பழகிக்கொண்டேன். கூரையில் விழும் மழைத்துளி வீட்டு முற்றத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணி என்னும் குடிநீர்க் குளத்துக்கும், அங்கிருந்து வயல்வெளிக் கண்மாய்க்கும், அதாவது பாசன ஏரிக்கும் போகும் வழியையே நடைப்பாதையாகக் கொள்வதுதான் அந்த முறை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்துத்தான் இங்கே மக்கள் குடித்தார்கள், உழுதார்கள், வீடு கட்டினார்கள், தெய்வத்தை நிறுவினார்கள். ஆகவே நீரின் தடத்தைப் பிடித்து நடந்தால் வரலாறும் கலையும் தாமாகவே வரிசைப்பட்டு வரும்.

படி 1: ஒரே ஓர் ஊரையும் தகுந்த மாதத்தையும் தேர்ந்தெடுங்கள்

முதல் நடைக்குக் கானாடுகாத்தானைப் பரிந்துரைக்கிறேன். காரைக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவு, பேருந்து வசதி உண்டு, தெருக்கள் நேர்நேராக அமைந்திருப்பதால் வழி தவறுவது கடினம். கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை நீர்நிலைகளில் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். காலை ஏழு மணி முதல் பத்து மணி வரையிலும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் நடப்பது நல்லது. கழற்றி மாட்ட எளிதான செருப்பு, தொப்பி, தண்ணீர், ஒரு சிறு குறிப்பேடு ஆகியவை போதும்.

படி 2: புறப்படும் முன் வரைபடத்தில் நீரைத் தேடுங்கள்

கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, ஊரின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தெருக்களுக்கு இடையிலோ ஊரின் ஓரத்திலோ சதுரமாகத் தெரிவது பெரும்பாலும் ஊருணி. ஊருக்கு வெளியே, ஒரு பக்கம் வில்போல வளைந்தும் மறுபக்கம் வரம்பின்றி மங்கியும் தெரிவது கண்மாய். வளைந்த பக்கம்தான் கரை; மங்கிய பக்கம் தண்ணீர் வந்து சேரும் உள்வாய். இந்தப் பகுதியில் நிலம் பொதுவாகத் தென்கிழக்காகச் சரிகிறது என்பதால், ஒரு கண்மாய் நிறைந்து வழியும் நீர் கீழேயுள்ள அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்தத் தொடரில் இரண்டு மூன்று கண்மாய்களையாவது வரைபடத்தில் அடையாளம் கண்டு, குறிப்பேட்டில் கையால் வரைந்து கொள்ளுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. எது மேடு, எது பள்ளம் என்பது உங்கள் கைக்குப் பழகினால் போதும்.

படி 3: நடையை ஊருணியிலிருந்து தொடங்குங்கள்

ஊரார் உண்ணும் நீரைத் தருவது ஊருணி. நான்கு பக்கமும் கல்லால் கட்டி, படித்துறை அமைத்து, சில ஊர்களில் சுற்றுச்சுவரும் எழுப்பியிருப்பார்கள். இங்கே மண்ணுக்கடியில் கிடைக்கும் செம்புறாங்கல்லைப் பல இடங்களில் காணலாம். துளைதுளையாக, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருக்கும். குடிப்பதற்கு ஒன்று, குளிப்பதற்கு ஒன்று என்று ஊருணிகளைப் பிரித்து வைத்திருந்த ஊர்களும் உண்டு. எனவே அருகில் இருப்பவரிடம் "ஐயா, இது குடிக்கிற ஊருணியா, குளிக்கிற ஊருணியா?" என்று கேட்பது உரையாடலைத் தொடங்க மிக நல்ல வழி. அந்த ஒரு கேள்வியில் ஊரின் பாதிக் கதை வெளிவருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

படியில் உட்கார்ந்து, தண்ணீர் எந்த மூலையிலிருந்து உள்ளே வருகிறது என்று பாருங்கள். கரையில் ஒரு திறப்பு இருக்கும். இனி நீங்கள் நடக்க வேண்டியது அந்தத் திறப்பிலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், அதாவது நீர் வந்த வழியே மேல்நோக்கி.

படி 4: தெருவழியே வீட்டுக்குள் போங்கள்

தெருவோரத்து வடிகால்களைப் பின்பற்றி நடந்தால் அவை வீடுகளின் வாசலில் போய் நிற்கும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வீடு ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும். முகப்பு, திண்ணை, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ப் பின்வாசல் வரை நீளும். வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குள் கதவாகக் கடைசி வெளிச்சம் வரை கண் ஓடும். அடித்தளம் தெருவைவிடப் பல படிகள் உயர்ந்திருக்கும். முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்ததாகவும், கடல் கொண்டதால் இங்கே குடியேறியதாகவும், அந்த நினைவில்தான் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்றும் மரபு சொல்கிறது.

இப்போது நாம் காணும் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வட்டித்தொழிலும் வணிகமும் செய்து ஈட்டிய பொருள், பர்மாத் தேக்குத் தூண்களாகவும் இத்தாலியப் பளிங்காகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் ஊர் வந்து சேர்ந்தது. கானாடுகாத்தான் அரண்மனை 1912இல் கட்டி முடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பர்மா வீழ்ந்தபோது அந்த வருமானம் அறுந்தது. பிழைப்புக்காகக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததால் பல வீடுகள் இன்று திருமணத்துக்கும் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக இருப்பதால், காவல் இருப்பவர் "இன்று முடியாது" என்றால் அதை மதித்து நகர்ந்துவிடுங்கள். அனுமதி கிடைத்தால் செருப்பை வெளியே விட்டு, பூசை அறையையும் வசிப்பவர்களையும் கேட்காமல் படமெடுக்காமல், கேட்கும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

உள்ளே போனதும் தூண்களை எண்ணத் தொடங்க வேண்டாம். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றத்தில் நின்று மேலே பாருங்கள். நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மூலைகளில் தூம்பு வைத்து, மழை முழுவதையும் இந்தச் சதுரத்துக்குள் இறக்கும்படி அமைத்திருப்பது தெரியும். ஒரு வீட்டில் என்னை உட்காரச் சொன்ன ஆச்சி ஒருவர், "மழைக்கு முந்தி கூரையைக் கழுவி விட்டுருவோம் தம்பி, ரெண்டாம் மழைத் தண்ணியைத்தான் அண்டாவுல பிடிப்போம்" என்றார். அண்டாக்களில் பிடித்தது போக எஞ்சியது முற்றத்தின் கல்வடிகால் வழியே தெருவுக்குப் போகும். நீங்கள் காலையில் உட்கார்ந்திருந்த ஊருணியின் நீர் இங்கிருந்துதான் புறப்பட்டது. இந்த இடத்தில் கால்மணி நேரமாவது நில்லுங்கள். இந்த நடையின் நடுப்புள்ளி இதுவே.

பிறகு சுவரைத் தொட்டுப் பாருங்கள். பளிங்கைப்போல் வழுவழுப்பாக, கோடையிலும் குளிர்ந்திருக்கும் அந்தப் பூச்சு, சுண்ணாம்பைப் பல அடுக்குகளாகப் பூசி, கடுக்காய், கருப்பட்டி, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்த்துத் தேய்த்து உண்டாக்கியது. வெளியே வரும்போது முகப்பின் மேல்விளிம்பில் உள்ள சுதைச் சிற்பங்களையும் பாருங்கள். தாமரையில் அமர்ந்து யானைகள் நீராட்டும் கஜலட்சுமி ஏறக்குறைய எல்லா முகப்பிலும் இருப்பாள். மழையை நம்பிய ஊரில் வாசலுக்கு மேலே நீராடும் திருமகளை வைத்திருப்பது என்னைப் பொறுத்தவரை மிகப் பொருத்தமான தேர்வு.

படி 5: ஆத்தங்குடியில் ஒரு கல் உருவாவதைப் பாருங்கள்

கானாடுகாத்தானிலிருந்து ஆட்டோவில் சென்றுவிடலாம். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளில் வேலை நடக்கும்போது வந்து பார்க்க அனுமதிப்பார்கள். இந்தக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, ஒவ்வோர் அறைக்குள்ளும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை உயர்த்தி எடுத்ததும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலப்பதில்லை. அதன் மேல் உலர்ந்த மணல்சிமெண்ட் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டப்படுத்துவார்கள். இறுகியபின் கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, காய வைத்து, கண்ணாடியைக் கழற்றுவார்கள். கல்லின் பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி கொடுத்தது. அந்த ஊர் மணலும் ஊறும் தண்ணீரும்தான் இந்தக் கல்லின் வலிமை என்பதால், இதையும் நீர்வழி நடையின் ஒரு பகுதியாகவே கொள்கிறேன்.

படி 6: கண்மாய்க் கரையில் ஏறுங்கள்

மாலை நடைக்கு இதுவே இடம். கரைமேல் ஏறியதும் மூன்றைத் தேடுங்கள். வயலுக்கு நீர் விடும் மடை. கண்மாய் நிறைந்தால் உபரி நீர் வழிந்தோடும் கலுங்கு. மேலேயிருந்து நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால். பழைய கண்மாய்களில் கரைக்குச் சற்றுத் தள்ளி, உள்வாயில் இரண்டு கல்தூண்கள் குறுக்குச் சட்டங்களோடு நிற்பதைக் காணலாம். அது குமிழித்தூம்பு. தூணுக்கடியில் ஒரு கல்தொட்டி இருக்கும். அதன் மேற்பக்கத்து நீரோடித் துளை வழியே தெளிந்த நீரும், அடிப்பக்கத்துச் சேறோடித் துளை வழியே வண்டல் கலந்த நீரும் சுரங்கக் கால்வாயில் இறங்கி வயலுக்குப் போகும். அடைப்பைத் திறப்பவர் நீந்திச் சென்று மூழ்கித்தான் திறக்க வேண்டும். நீரை முறைவைத்துப் பாய்ச்சுகிறவருக்கு இங்கே நீர்பாய்ச்சி என்று பெயர். புதுக்கோட்டைப் பகுதியில் இத்தகைய தூம்புத் தூண்கள் பலவற்றில் கல்வெட்டுகள் உள்ளன. எழுத்து கண்ணில் பட்டால் சுண்ணாம்போ மாவோ தடவாமல், சாய்வெளிச்சத்தில் படம் மட்டும் எடுங்கள்.

கரையோரத்திலேயே பெரும்பாலும் ஐயனார் இருப்பார். கண்மாயைக் காக்கும் தெய்வம் அவரே என்பதால் அவர் முன்னால் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்கும். ஐயனாருக்குக் குதிரை எடுக்கும் புரவியெடுப்பு விழாவுக்கு முன் ஊரார், மண்பாண்டக் கலைஞரான வேளாரிடம் ஒரு பிடி மண், அதாவது பிடிமண் கொடுப்பார்கள். அதுவே குதிரை செய்வதற்கான உத்தரவு. கண்மாய்க் களிமண்ணைக் குழைத்து, கால்களும் உடலும் தலையுமாகத் தனித்தனியே வனைந்து சேர்த்து, சூளையிட்டு, வண்ணம் தீட்டி, விழா நாளில் ஊரே தோளில் தூக்கி வரும். பழைய குதிரைகள் உடைந்தாலும் அப்புறப்படுத்துவதில்லை. அவை மழையில் கரைந்தும் நொறுங்கியும் எந்த மண்ணிலிருந்து வந்தனவோ அந்த மண்ணுக்கே போகும். திருமயம் போகும் சாலையில் நமுணசமுத்திரத்தில் இத்தகைய குதிரைகளின் பெரிய அணிவகுப்பைக் காணலாம். செருப்பில்லாமல் போங்கள், குதிரைகளின் மேல் சாயாதீர்கள், உடைந்த துண்டுகளை எடுக்காதீர்கள்.

பறவைகளில் ஆர்வமுள்ளவர்கள் இன்னொரு மாலையைச் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிக்கு ஒதுக்குங்கள். கண்மாய்களே 1977 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கும் இடம் அது. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூடுகட்டியிருக்கும் காலத்தில் தீபாவளி வருவதால், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. பல தலைமுறையாக இது அவர்கள் தாமே விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கம்.

படி 7: இரண்டாம் நாளைப் பாறைக்குக் கொடுங்கள்

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் இரு கைகளோடு, துதிக்கை வலம்சுழிந்து அமர்ந்திருக்கும் கற்பகப் பிள்ளையார், நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றுக்கு உரியவர். திருமயத்தில் ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே கோயில்கள் அமைந்துள்ளன. மேலே உள்ள கோட்டை 1687இல் சேதுபதி மன்னர் காலத்தில் எழுந்தது.

நேரம் இருந்தால் கட்டாயம் சித்தன்னவாசலுக்குப் போங்கள். இது செட்டிநாட்டுக்கு வெளியே, புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள சமணக் குடைவரை. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. இலைகளுக்கிடையே மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். முதல் நாள் முழுவதும் ஊருணிப் படியிலும் கண்மாய்க் கரையிலும் நின்று பார்த்த கண்ணோடு அதை நிமிர்ந்து பாருங்கள். இலை மடிந்து நீரைத் தொடும் இடத்தை ஓவியர் எப்படிக் கவனித்திருக்கிறார் என்பது உங்களுக்கு உடனே பிடிபடும்.

படி 8: கோடையில் ஒருமுறை திரும்பி வாருங்கள்

குறிப்பேட்டில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நாள், எத்தனை படிகள் நீருக்கு மேலே தெரிந்தன, யாரிடம் என்ன கேட்டீர்கள் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். பங்குனி, சித்திரையில் அதே ஊருக்குத் திரும்பி, அதே படியில் நின்று மறுபடி எண்ணுங்கள். நீர் வற்றிய கண்மாய்களில் அப்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் துண்டை வீசி அனுமதி தந்ததும், ஊத்தா, கச்சா, அரிகூடை முதலிய மீன்பிடி கருவிகளோடு சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் சேற்றில் இறங்கும். மழைக்காலத்தில் மூழ்கியிருந்த தூம்பின் அடிக்கல்லும், அதில் ஏதேனும் எழுத்து இருந்தால் அதுவும், அன்றுதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.